நூற்றெண்பது

கோரிப்பாளையத்தில் என் மருந்துக்கடை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பரண் கம்பியில் கயிறு போட்டு
சைக்கிளைச் சீட்டோடு தூக்கிக் கட்டியிருக்கிறேன்.
இருமல் டானிக்குக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் நடுவே
முன்சக்கரம் இல்லாமல்
லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது.

நூத்தியறுபதைக் கழற்றிவிட்டு
இன்னைக்கு ராத்திரி நூத்தியெண்பது என்றேன் போனில்.
ஒச்சப்பன் சிரித்தான்.
மில்லிமீட்டர்டா என்று முடிப்பதற்குள்
ஊறுகாய் வாங்கி வரவா என்று கேட்டுவிட்டான்.

போன மாதம் சிறுமலை இறக்கம்.
பதினெட்டில் பதினோராவது வளைவு.
காலிக் கூடைகளோடு மினி லாரி ஒன்று ஏறி வருகிறது.
பிடிக்கிறேன்.
லீவர் கைப்பிடிவரை வந்து தொட்டுவிட்டு
எனக்கென்ன என்று இருக்கிறது.
உண்ணிச்செடிப் புதர்தான் பிடித்தது என்னை.
பின்னால் வந்த ஒச்சப்பன்
முழங்கையிலிருந்த முள்ளை ஒவ்வொன்றாய் எடுத்தான்.
பேசவில்லை.
அடிவாரத்தில் டீ ஆடை கட்டும்வரை பேசவில்லை.
பிரேக் தட்டு மட்டும்
விஷமேறிய நகம்போல நீலம் பாரித்திருந்தது.

தட்டிலேயே பொடி எழுத்தில் அடித்திருக்கிறான்:
ஒன்றரை மில்லிக்குக் கீழே தேய்ந்தால் மாற்றவும்.
காலாவதித் தேதி பார்த்தே வயிறு வளர்க்கிறவன்
இதைப் படித்ததேயில்லை.

ஆறு திருகு.
எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும்,
ஒரே பக்கம் இறுக்கினால் தட்டு கோணிவிடும் என்று
சைக்கிள் கடை தஸ்தகீர் நாலு தடவை சொல்லியிருந்தார்.
அவரிடமே கொடுத்திருக்கலாம்.
கொடுக்க மனசு வரவில்லை.

ஊசியில்லாத சிரிஞ்ச் இரண்டு,
ஸ்பிரிட் ஒரு பாட்டில், பஞ்சு.
சொந்தக் கடைதான், ஆனாலும் பில் போட்டேன்.
கீழிருந்து எண்ணெயை ஏற்ற ஏற்ற
மேலே குமிழி வருகிறது.
ஒன்று.
இன்னொன்று.
முடிந்தது என்று துடைக்கப் போகையில்
கடுகளவில் ஒன்று.
இவ்வளவு காற்றை நம்பியா
இறங்கிக்கொண்டிருந்தேன்?

ஷட்டரைத் தட்டினார்கள்.
குனிந்து எட்டிப் பார்த்தவர் கையில்
பெரியாஸ்பத்திரிச் சீட்டு, நாலாய் மடித்து.
சோப்புப் போட்டுக் கை கழுவி
இரண்டு ஊசிமருந்து, ஒரு டிரிப் செட் எடுத்துவைத்தேன்.
தொங்கும் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஓடுமா, என்றார்.
ஓடும்ணே. நிக்க வைக்கத்தான் பாக்குறேன்.
மிச்சக் காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு
சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்தார்.
ஒரு ஆட்டோ டயர் தேய்த்து நின்று
ஏதோ சொல்லிவிட்டுப் போனது.

திரும்பி வந்தவன் யோசனையில்
புதுத் தட்டைக் கட்டைவிரலால் பிடித்துவிட்டேன்.
தொடவே கூடாது அதை, விரலெண்ணெய் ஆகாது.
பத்திரப்பதிவு ஆபீசில் வைத்ததுபோல்
தெளிவான ஒரு ரேகை.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
அது போன பிறகும் துடைத்தேன்.

விடியும் முன்னே நாகமலை ஓரத்துச் சாலை.
புது பிரேக்கைப் பழக்கணும்:
வேகமெடுத்து, முழுக்க நிற்காமல்
நடை வேகத்துக்கு இறக்கி,
மறுபடி மிதித்து, இருபது தடவை.
முதல் நாலைந்தில் மயில்போல அகவியது.
புதருக்குள்ளிருந்து நிஜ மயிலொன்று
பதில் கொடுத்தது, கோபமாக.
ஒன்பதில் சத்தம் குறைந்தது.
பதினாலில் பிடி வந்தது,
முன்னால் யாரோ நெஞ்சில் கைவைத்த மாதிரி.
அதன் பிறகு எண்ணவில்லை.
புளியமரத்தடியில் பால் கேன் கட்டிக்கொண்டிருந்தவர்
இவனுக்கு என்ன வேண்டுதலோ என்று
பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மறுபடி சிறுமலை.
பதினோராவது வளைவில்
நான் விழுந்து ஒடித்த கிளை
பக்கத்தில் துளிர்விட்டுப் பூவும் வைத்திருக்கிறது,
மஞ்சளும் ரோஸுமாய்.
லாரி இல்லை. ஆடு மாடு இல்லை.
ஒற்றை விரல் போதும் என்பார் தஸ்தகீர்.
நாலு விரலாலும் பிடித்தேன்,
வளைவுக்கு வெகு முன்னாலேயே.

என் பின்சக்கரத்தில் இடிக்க இருந்து
ஒடித்துத் திருப்பிக்கொண்ட ஒச்சப்பன் கத்தினான்:
எருமை, எதுக்குடா இங்க நிக்கிற?

ஒரு மாசம் கழித்து
அந்த வளைவைப் பற்றி அவன் பேசிய முதல் பேச்சு.