வீச்சுக்கும் ஒரு கணக்கு

சோமனூர்ல எங்க ஷெட்டுக்கும் வூட்டுக்கும்
நடுவுல ஒரே செவுரு.
அந்தப் பக்கம் பதினாறு தறி.
இந்தப் பக்கம் தட்டுல ரசம் நடுங்கும்.

ஆறாங்கிளாஸ் போற தர்ஷிகா
ஒரு சாயங்காலம் பாட்டு நோட்டோட
செவுத்துல காதை ஒட்டி நின்னா.
"என்னம்மணி?"ன்னேன்.
உதடு அசைஞ்சுது, அவ்வளவுதான்.
எனக்கு வலது காது போயி ஆறு வருசம்,
இடது அரைக்காது.
கிட்டத்துல வந்து கத்துனா:
"மோட்டார்ல 'ச' இருக்குதுப்பா!"

பாட்டுக்கு மொதல்ல ஒரு தரை வேணுமாம்.
அதுல நின்னாத்தான் ஏறவும் முடியும் எறங்கவும் முடியும்.
அதுக்குப் பேரு சுருதின்னு
எஸ்தர் டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களாம்.
சுருதிப் பொட்டி வேணும்னு அவ கேக்கலை.
அஞ்சாம் நம்பர் தறி மோட்டாரைப் புடிச்சுக்கிட்டா.
இப்ப வோல்டேஜ் எறங்குனா
எனக்கு முந்தி அவளுக்குத்தான் கோவம் வருது.

'ச'வும் 'ப'வும் சொந்த வூட்டுக்காரங்க, அசைய மாட்டாங்க.
மத்த அஞ்சு பேருக்கும் ரெண்டு ரெண்டு வூடு,
ராகத்துக்குத் தக்கன குடி மாறுவாங்களாம்.
"நாம எந்த ஸ்வரம் கண்ணு?"
"நாம 'ரி'ப்பா.
எனக்குத் தெரிஞ்சே மூணு வூடு மாத்தியாச்சு."

இன்னொரு நாள் கேட்டா:
"ஒவ்வொரு தறியும் ஒவ்வொரு ஓட்டம் ஓடுது,
பதினாறும் ஒண்ணாச் சேர்ற எடம்
எப்பப்பா வரும்?"
பத்தொம்பது வருசமா ஓட்டறேனுங்க.
நாடா தெறிக்கப் போகுதுன்னா
தரையில ஒரு அடி பிசகறது
என்ற பாதத்துக்குத் தெரியும்.
இந்தக் கேள்வி மட்டும் தோணுனதில்லை.

பள்ளிக்கூட விழாவுல பாடுனா.
நான் ஷிப்டு மாத்திக்கிட்டுப் போயி முன் வரிசையில உக்காந்தேன்.
மொத வரியிலயே மைக் அலறிச்சு.
எஸ்தர் டீச்சர் மேடையோரத்துல
கையை எறக்கி எறக்கிக் காமிச்சாங்க: மெல்ல, மெல்ல.
தறிக்கு மேல பாடிப் பழகுன தொண்டை.
மெல்லப் பாடறதும் பாட்டுல ஒரு பங்குதானாம்.
அந்தப் பக்கம் எங்க வூட்டு நோட்டுல காலி.
பரிசில்லை. ஒரு பேனா குடுத்தாங்க.
எனக்கு மட்டும்
ஒரு சொல்லு விடாம எல்லாம் கேட்டுதுங்க.

அன்னிக்கு ராத்திரி
என்ற உள்ளங்கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு
தாளம் போட்டா.
ஒரு தட்டு.
சுண்டு விரல்ல ஆரம்பிச்சு மூணு விரல்.
தட்டி, கையைத் திருப்பி வெறும் காத்துல வுட்டா.
மறுக்காத் தட்டி, மறுக்கா வுட்டா.
எட்டு.
"இந்தத் திருப்பறதுக்குச் சத்தமே வரலையே?"
"அது வீச்சுப்பா. சத்தம் வராது.
ஆனா எண்ணோணும்.
எண்ணாம வுட்டா தாளம் ஒடஞ்சு போயிரும்."

நாச்சிமுத்தண்ணன் நோட்டுல கூலி மீட்டர் கணக்கு.
நூல் அறுந்து நின்ன நேரம்,
பாவு பிணைக்கற நேரம்,
கரண்டு போயி ஈ ஓட்டுன நேரம்,
அதுக்கெல்லாம் அந்த நோட்டுல கோடே கிடையாது.
நான் கேட்டதும் கிடையாது.

வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குக் கரண்டு போச்சு.
பதினாறு தறியும் ஒரு மூச்சுல ஓஞ்சுது.
அட, சேர்ற எடம் இதுதானா,
அவ பள்ளிக்கூடத்துல இருக்கறாளேன்னு நெனச்சேன்.
பஞ்சு மெதுவா எறங்குச்சு.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து
தொடையில ஒரு தட்டு,
மூணு விரல்,
தட்டு,
கையைத் திருப்புனேன்.

பக்கத்துத் தறி மாரப்பன் பீடியோட எட்டிப் பார்த்து
என்னமோ கேட்டான்.
உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன்:
"சும்மாதானண்ணா உக்காந்திருக்கறீங்க?"

"சும்மா இல்லடா,
எண்ணிக்கிட்டிருக்கறேன்."