பிறந்த இடம்

ராத்திரி பதினொன்றரைக்கு ஏது பாதை?
அது குருமண்வெளித் துறையில் கட்டிக்கிடந்தது,
நாங்கள் மண்டூர்க் கரையில்.
நேசராசா போனில் கத்த
நான் ஓட்டோக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பூபாலபிள்ளை சாரத்தை மடித்துக்கட்டி
பாதையைக் கொண்டுவந்தார்.
"எத்தின பேர்?"
"ரெண்டு," என்றார் இவர்.
நான் திருத்தவில்லை.
மூன்று என்று சொல்லப் பயம்.
முந்தின மாரியில் இதே தண்ணீரால்
வெறும் வயிறோடு திரும்பினவள் நான்.
ஐந்து மாதத்தில் போனதற்கு
கிளினிக் கொப்பியில் சிவப்புப் பேனையால்
ஒரு கோடு. அவ்வளவுதான்.

"முக்காதகா புள்ள, கரை வரட்டும்."
அது என் கையிலா இருக்கிறது?

நடு வாவியில் எஞ்சின் நின்றது.
நின்றதா, அவர் நிறுத்தினாரா, இன்றும் தெரியாது.
தூரத்தில் இறால்காரரின் விளக்கு.
மீன் துள்ளிய மாதிரி ஒரு சத்தம்.
பிறகுதான்
அது மீன் இல்லை.

பூபாலபிள்ளையின் சாரத்தில் சுற்றினோம்.
டீசல் மணம், சேற்று மணம்,
அதற்குள்ளே இன்னொரு மணம், இதுவரை
எந்தக் கொப்பியிலும் எழுதப்படாதது.

பதிவுக் கந்தோரில் புது உத்தியோகத்தர், வெளியூர்.
"பிறந்த இடம்?"
"பாதையில."
"றோட்டிலயா?"
"இல்ல சேர். தண்ணிக்கு மேல."
பேனை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி என்று எழுதியது.

வெளியே வந்ததும் நேசராசா கல் கணக்குப் பார்க்கிறார்.
பொம்பிளப் புள்ள, வீடு கட்ட வேணுமே.
எந்தக் கரையில் என்று
நான் இன்னும் கேட்கவில்லை.