அறுபத்தெட்டுப் பாகை

ஓமந்தைக் கல்லுடைப்பில்
நேற்று வெடித்த முகத்தில்
திசைகாட்டியை ஒட்டிப் பிடிக்கிறேன்.
வரி வடக்கே ஓடுகிறது,
மேற்கே அறுபத்தெட்டுப் பாகை சரிவு.
கறுப்பு, வெள்ளை, மறுபடி கறுப்பு;
நடுவில் பாறை தன்மீதே மடிந்திருக்கிறது
உதறாமல் சுருட்டிய பாய் மாதிரி.

“இதில எங்க தங்கச்சி மலை?”
கிறஷர்த் தூசியோடு மரியநேசன்.

அதின்ர அடியிலதான் நிக்கிறம்.
மேல இருந்த இருபது கிலோமீற்றர்
மழையோட போயிட்டுது.

அண்ணாந்து பார்க்கிறார்.
ஒரு பருந்து.
அதற்கும் மேலே மலையாம்.

“அப்ப மிச்சத்தை நாங்கள்தான்…”
விரல் மடித்து எண்ணுகிறார்:
நாளுக்குப் பதினெட்டு லோட்,
ஞாயிறு லீவு.

நாலு மணிக்கு அடுத்த வெடி.
மடிப்பின் முதுகில் சோக்கால் கோடிட்டு
பென்சிலைத் தேடுகிறேன்.
அது அவர் காதில் இருக்கிறது.