வீடு மாறும் அடி

பாலியோ என்றால் சொட்டு மருந்தா என்று கேட்டார்
பெயர் மாற்றப் போன இடத்தில் ஒருவர்.
ஆயிரத்து அறுநூறு சிசி, இருபது வயது.
வாங்கிய அன்றே பின்சீட்டைக் கழற்றி வெளியே வைத்தேன்.
பிறகு கார்ப்பெட், கூரைத்துணி, ஏசி,
கதவுக்குள் ஒட்டியிருந்த தார்த்தாள்
எல்லாம் சேர்த்து எழுபத்தொரு கிலோ,
புதுவயல் ரைஸ்மில் தராசில்.
காரைக்குடிப் பழம்பொருள்காரர்
சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு
தேக்கு இல்லையே என்றார்.

சகாயம் பகலில் கேட்டும் கிரில்லும் அடிப்பவன்.
ராத்திரிகளில் எனக்குக் கூண்டு கட்டினான்:
தலைக்கு மேல் ஒரு குழாய், முதுகுக்குக் குறுக்கே ஒன்று,
கை பழகிய தோஷத்தில்
வலது மூலையில் ஒரு தாமரை.
எடை ஏறுமே என்று திட்டினேன்.
அறுக்கச் சொல்லவில்லை.

மட்ஃப்ளாப், மில்லில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்.
சக்கரம் சூடானால்
இன்னும் தவிட்டு வாசம் வரும்.

இந்த மண் இரண்டு வகையில் தின்னும்.
சரளையாக அடியிலிருந்து,
மாவாக மேலிருந்து.
ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி,
ஹேண்ட்பிரேக் கேபிளுக்குள், சாவித் துவாரத்துக்குள்,
தலை துவட்டினால் துண்டில்.
டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையில்
ஊசி நுழையும் கிழிசல் போதும்,
கிரீஸ் செங்கல் குழம்பாகிவிடும்.

முதலில் ஸ்பிரிங்கை மாற்றினோம்,
கெட்டியாக, நாற்பது மில்லி உயரமாக.
கோட்டையூர் தாண்டிக் காய்ந்த கண்மாய்க்குள்
மூன்றே சுற்று,
ஸ்ட்ரட் மவுண்ட் பிளந்தது.
மவுண்டுக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தோம்.
லோயர் ஆர்ம் வளைந்தது.
ஆர்முக்குப் பெட்டி அடித்தோம்.
சப்ஃபிரேமில் முடி அகலத்துக்கு ஒரு கோடு,
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிந்தது.
அடி எங்கேயும் போய்விடவில்லை,
சனி மாதிரி
வீடுதான் மாறுகிறது.

கோட்டையும் மூடினோம்.
பாலியூரித்தேன் புஷ் போட்டுவிடுவோம்,
சாகிறவரை அசையாது என்றான் சகாயம்.
யார் சாகிறவரை என்று கேட்டேன்.
எல்லாவற்றையும் இரும்பாக்கிவிட்டால்
கடைசியில் ஒடிவதற்கு மிச்சமிருப்பது
என் காறை எலும்பு.
ரப்பரே போட்டேன். நூற்று முப்பது ரூபாய்.
இன்னும் நாலு வாங்கி டிபன் பையில் வைத்தேன்.
அவன் வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.
அதோடு பேச்சில்லை.

கல்லல் பக்கம், தைலமரக் காட்டுப் பாதை.
எட்டுக் கிலோமீட்டர், மூன்று முறை.
பக்கத்து சீட்டில் நாச்சம்மை,
கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு.
கிராமுக்குக் கிராம் பிசகாத குரல்:

வலது நாலு, உள்ளே வெட்டாதே
ஐம்பது
மேடு, நேராகத் தாவு
இடது ரெண்டு, பனைக்குப் பிறகு குறுகும்
குறுகும்
குறுகும்டீ

மூன்றாவது ஓட்டத்தில் அந்தப் பனை.
வாய்க்கால் தடத்தில் இடது முன்சக்கரம் இறங்கி ஏற
அடியில் டங் என்று ஒரு சத்தம்.
ஸ்டியரிங் கால் திருப்பு கோணியது.
கோணலாகவே பிடித்துக்கொண்டு
மீதி இரண்டு கிலோமீட்டர்,
முன்னால் போன வண்டியின் புழுதி
இன்னும் இறங்காத வெளிச்சத்தில்.

எங்கள் பிரிவில் மூன்றாம் இடம்.
பெயர் கொடுத்தவை நாலு.
நாலாவது வண்டி டிரெய்லரைவிட்டு இறங்கவேயில்லை.

சகாயம் சாக்கை விரித்து அடியில் நுழைந்தான்.
அவன் டார்ச் நகர்வதை நின்று பார்த்தேன்.
மவுண்டில் நின்றது.
ஆர்மின் நீளத்துக்குப் போய்த் திரும்பியது.
சப்ஃபிரேமில் சாய்ந்து, ரொம்ப நேரம் சாய்ந்து,
பிறகு அணைந்தது.
சக்கரத்துக்குப் பக்கத்தில்
கிழிந்த ரப்பர் ஒன்று வெளியே உருண்டு வந்தது.
அதன் பின்னால் உள்ளங்கை.
புதியதை அதில் வைத்தேன்.
கை திரும்ப நீண்டது.
பதினேழு ஸ்பேனரைக் கொடுத்தேன்.

பத்தொன்பது என்றான்.

நாலு நாளில் முதல் வார்த்தை.