கூப்பிடுவார்கள்

நேர்காணல் முடிந்து இன்றோடு பதினேழு நாள்.
டூலூத் ஏரியின் ஓரங்களில்
பனி தோல் கட்டத் தொடங்கிவிட்டது.
பருவத்தின் கடைசித் தாதுக் கப்பல்கள்
பாலத்தைத் தூக்கச் சொல்லி ஊதுகின்றன.
பாலம் திருப்பி ஊதுகிறது, தூக்குகிறது.
இந்த ஊரில் அவற்றுக்கு மட்டும்
பதில் உடனுக்குடன்.

ஆம்புலன்ஸின் டாஷ்போர்டில்
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
கவிழ்த்தால் ஒலிக்காது என்றில்லை;
ஒலிக்காமல் கிடப்பதைப் பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.
ரெய்னோ வண்டி ஓட்டுகிறான்,
சூரியகாந்தி விதையை மென்று காகிதக் குவளையில் துப்புகிறான்.
"வந்ததா?" என்று கேட்பதை
ஒன்பதாம் நாளோடு விட்டுவிட்டான்.
நல்லவன்.
ஆனால் அவன் கேட்காமலிருப்பதும் காதில் விழுகிறது.

நாத்தனார் சிக்ரிட்டின் கோட்டைக் கடன் வாங்கிப் போயிருந்தேன்.
வீடு திரும்பிக் கழற்றும்போதுதான் பார்த்தேன்:
கைமடிப்பில் சலவைக்கடைச் சீட்டு, பின்னோடு.
மூன்று அறை, ஐந்து கைகுலுக்கல்,
அத்தனைக்கும் கூடவே வந்திருக்கிறது.
இளஞ்சிவப்பு. எண் 0417.

ஜலதோஷம் பிடித்த ஒரு பேராசிரியை கேட்டாள்:
"பிஸிஷியன் அசிஸ்டென்ட் எதற்கு?
டாக்டராகவே ஆகிவிடலாமே?"
குளியலறைக் கண்ணாடிக்கு ஆறு வாரம்
மனப்பாடமாய்ச் சொல்லிக் காட்டிய பதில் இருந்தது.
வரிசை பிசகாமல் ஒப்பித்தேன்.
அவள் மூக்கைத் துடைத்துவிட்டு
எதையோ எழுதினாள்.
குட்டிச் சொல். மூன்றெழுத்து இருக்கலாம்.

எனக்கு முப்பத்தெட்டு வயது,
இரண்டு வருடத்துக்குக் கடன் தருவார்கள், பத்துக்குத் தரமாட்டார்கள்
என்ற உண்மையான பதில்
வாகன நிறுத்தத்தில் காரைக் கிளப்பும்போது வந்து சேர்ந்தது.
அதற்குள் அறையைப் பூட்டியிருப்பார்கள்.

நல்ல சேதியென்றால் தொலைபேசி,
இல்லையென்றால் மின்னஞ்சல் என்று ஒரு பேச்சு.
போன வருடம் எனக்கு இரண்டுமில்லை.
ஏப்ரலில் நானே அழைத்தேன்.
"ஓ," என்றது ஓர் இளங்குரல்,
"உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

இன்று மதியம், ஹார்லன் யூஸ்டாட்,
எழுபத்தொரு வயது, தலைசுற்றிச் சமையலறையில் விழுந்தவர்.
வார் கட்டும்போது
தன் தொலைபேசியைக் கையில் கொடுக்கச் சொன்னார்.
பயாப்சி முடிவு செவ்வாயே வரவேண்டியதாம்.
இன்று வெள்ளி.
"கூப்பிடுவார்கள்" என்றேன்.

வாய் பழகிய சொல்.
நான்கு வருடமாய்ப் போர்வையை இழுத்துவிட்டபடி
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
இன்று அது சுற்றிவந்து
என் காதிலேயே விழுந்தது.
எழுவாய் இல்லாத வாக்கியம்.
அந்தப் பன்மை விகுதியின் பின்னால்
ஒருவர்கூட நிற்கவில்லை.

"யாரு?" என்றார் அவர்.
தெரியவில்லை என்றேன்.
அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார்.

நாடி. முப்பது வினாடி. கடிகாரத்தில் கண்.
பதினெட்டு, பத்தொன்பது,
முன்பக்கம் கைப்பேசி
கவிழ்த்துப்போட்ட ஆமைபோல் துடித்து நகர்ந்தது.
கண்ணாடியில் ரெய்னோவின் தாடை நின்றிருந்தது.
"உன்னுடையதா, என்னுடையதா?" என்றார் கிழவர்.
இருபத்தாறு. இருபத்து...
ஒரு துடிப்பு தவறிவிட்டது.
அவர் தவறவிட்டதா, நான் தவறவிட்டதா?
முதலிலிருந்து எண்ணினேன்.

அவரை ஒப்படைத்து, கையெழுத்திட்டு, கை கழுவி,
பிறகு எடுத்துப் பார்த்தேன்.
டயர் கடை.
பனிக்கால டயர்கள் மாட்டியாயிற்றாம்,
ஆறு மணிக்குள் வரவேண்டுமாம்.
ரெய்னோ சிரித்துப் புரையேறினான்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போனேன்.
ரசீது போடுகிற பையன்
என் தொலைபேசி எண்ணை வாசித்துக் காட்டினான்,
ஒவ்வோர் இலக்கமாக,
இதுதானே என்று.
இதுதான் என்றேன்.
கடைசி நான்கை மட்டும்
இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.