ஒரு கையால் படித்தவை

ரியெக்கா துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல், மூன்றாம் மாடி.
திங்கள், புதன், வெள்ளி
நான்கு மணி நேரம் என் இடக்கை
டயாலிசிஸ் இயந்திரத்துக்குச் சொந்தம்.
மிச்சமுள்ள கையால் படிக்கிறேன்.
ஆகவே எந்தப் புத்தகம் பற்றியும் என் முதல் அபிப்பிராயம்
அதன் எடை.

அறுநூறு பக்கக் குடும்ப நாவல்:
நான்கு தலைமுறை, இரண்டு போர், ஒரு ஆலிவ் தோப்பு.
எல்லாரும் மழை நாளில்தான் சாகிறார்கள்.
மணிக்கட்டு வலித்ததே தவிர
வேறு துக்கம் எனக்கு வரவில்லை.
ஆனால் நூற்று நாற்பதாம் பக்கத்தில்
ஒரு வேலைக்காரி
எசமானியின் செருப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு
அடிப்பாகத்தைத் தன் பாவாடையால்
துடைத்து வைக்கிறாள்.
அந்த ஒரு துடைப்புக்காக
நூலக மேசையில் புத்தகத்தை மெதுவாக வைத்தேன்.

மலையேறியவரின் தன்வரலாறு:
கயிற்றின் தடிமன் இருக்கிறது,
காலணியின் விலை இருக்கிறது,
மூட்டை சுமந்த பதினொரு பேரில்
ஒருவருக்கும் பெயர் இல்லை.
உச்சியில் நின்று அழுதாராம்.
அழட்டும்.

பாறைப் பாசிகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம்.
ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு முறை படித்தேன்.

அடுத்தது, தங்கை மாரியெட்டா பிறந்தநாளுக்குத் தந்தது,
ஒரு சிறுநீரக மருத்துவர் எழுதியது.
எங்களைப் போராளிகள் என்கிறார்.
நான் போராடவில்லை, டாக்டர்.
உட்கார்ந்திருக்கிறேன்.
எனக்குத் தாகமாக இருக்கிறது.
நாளைக்கு இத்தனை மிடறு என்று
கஞ்சன் காசை எண்ணுவதுபோல் எண்ணுகிறேன்.
சூப்பும் கணக்கு, ஆரஞ்சுச் சுளையும் கணக்கு.
முன்னூறு பக்கத்தில்
தாகம் பற்றி ஒரு வரி இல்லை.

பக்கத்து நாற்காலி பெரிஸ்லாவ்,
கப்பல் தளத்தில் பற்றவைப்பு வேலை பார்த்தவர்.
"நடக்காததைப் படிக்க எனக்கு நேரமில்லை" என்பார்,
நான்கு மணி நேரமும் கூரையைப் பார்த்தபடி.
பாலங்கள் எப்படி இடிகின்றன என்பதைப் பற்றி மட்டும்
எப்போதாவது ஒரு புத்தகம் கொண்டுவருவார்.
இடிந்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

நான் அவர் மடியில் வைத்தது ஒரு நாவல்:
கலங்கரை விளக்கக் காவலன் ஒருவன்
செத்துப்போன மனைவியின் கையெழுத்தில்
தூரத்து மகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறான்.
சர்க்கரை ஒரு கரண்டி கூடிவிட்டது என்பது என் கருத்து.
பெரிஸ்லாவ் முதுகுப் பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.
"ஒட்டு சரியில்லை, பிரிந்துவிடும்" என்றார்.
அவ்வளவுதான் விமர்சனம்.

ஒரு வெள்ளி இரவு ஸாக்ரெபிலிருந்து அழைப்பு.
யாரோ ஒருவருடைய சிறுநீரகம்
அவருக்குப் பொருந்தியிருந்தது.
திங்களன்று அந்த நாற்காலியில் புது விரிப்பு.
தாதி திஹானா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.
சந்தோஷம்தான்.
பொறாமையும்தான்.
பொறாமை பற்றி நல்ல புத்தகம் ஏதும் இருந்தால்
யாராவது சொல்லுங்கள், மெல்லியதாக.

நூலகத்திலிருந்து கடிதம் வந்தது:
காவலன் கதை, பதினேழு நாள் தாமதம், என் பெயரில்.
அபராதம் கட்டினேன்.

நேற்று, பூரா காற்று ஜன்னல்களைப் பிடித்து உலுக்கும் நேரம்,
தொலைபேசி.
தையல் ஆறிவிட்டதா, காய்ச்சல் உண்டா,
வேண்டுமட்டும் முதன்முறை குடித்தபோது எப்படியிருந்தது
என்றெல்லாம் கேட்க வாயெடுத்தேன்.
"அந்த மடையன் மகனிடம் பொய் சொல்லியிருக்கக் கூடாது, வில்மா."
"எத்தனையாம் பக்கம்?"
"இருநூற்றுப் பன்னிரண்டு. பிரிந்துதான் விட்டது,
டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்."
"நடக்காத கதைதானே" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அப்புறம் அந்தப் பக்கம்
தண்ணீர் ஊற்றும் சத்தம்.
குவளை நிரம்பும்வரை
கேட்டுக்கொண்டிருந்தேன்.