முதல் குப்பி

க்விரிலா என்றால் எங்கள் மொழியில் கூச்சல்.
பெயர் வைத்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.
இன்று காலை எட்டேகாலுக்கு
ஒரு சத்தமும் இல்லாமல்
கரியைக் கரைத்துக் கொட்டியதுபோலப்
பாலத்தடியில் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவின் ரப்பர் பூட்ஸ் எனக்கு இரண்டு அளவு பெரிது.
உள்ளே இரண்டு சோடி காலுறை, கொஞ்சம் செய்தித்தாள்.
இடது கால் மட்டும் ஏனோ சில்லிட்டது.
தாது கழுவும் ஆலையில் இரவுப் பணி முடித்து
அவர் தூங்குகிறார்.
கேட்காமல்தான் எடுத்துவந்தேன்.

ஓதார் படிவத்தோடு கரையில் நின்றான்.
காற்று வீசும்போதெல்லாம்
தாள் அவன் முகத்தில் அறைந்தது.
குப்பியை ஆற்றுநீரில் மும்முறை அலச வேண்டும்.
(நான் அலசவில்லை.)
நீர் வரும் திசையை நோக்கி நிற்க வேண்டும்.
நானோ நீர் போகும் பக்கம் பார்த்து நின்றிருந்தேன்.
காலடியில் கிளம்பிய சேறு
நேராகக் குப்பிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொண்ட கதை.
கொட்டினேன்.
கொட்டும்போதுதான் தோன்றியது:
இந்தக் கலங்கலில்
நான் எவ்வளவு, ஆறு எவ்வளவு?

திரும்பி நின்றேன்.
கலக்கியது அடங்கும்வரை
அசையாமல் நிற்பதும் வேலைதான் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.
தலைக்கு மேலே கம்பிவடத்தில்
தாதுத்தொட்டி ஒன்று கிரீச்சிட்டுப் போனது.
அடங்கவே இல்லை,
மேலிருந்து வருவதும் அதே கறுப்பு.

அமிலப் பட்டையை நனைத்தோம்.
பயங்கரமாக ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.
ஏழரை.
"நல்ல எண்தான்" என்றான் ஓதார்.
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது,
அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும்.

பிறகு தெளிவுக்குழாய்.
அடியில் கறுப்பு வெள்ளை வில்லை;
அது தெரியும்வரை நீரை வடிக்க வேண்டும்.
வடித்தேன். வடித்தேன்.
குனிந்த கழுத்து வலிக்கத் தொடங்கியபோது
வெள்ளை லேசாக எட்டிப் பார்த்தது.
ஏழு சென்டிமீட்டர்.
என் சுட்டுவிரல் நீளம்.

நிறம்: அற்றது, மஞ்சள், பச்சை, பழுப்பு, பிற.
'பிற'வில் என்ன எழுதுவது?
சனிக்கிழமை அப்பாவின் சட்டை ஊறும் வாளி,
அந்த நிறம்.
கறுப்பு என்று எழுதினேன்.

அருகிலுள்ள மாசு மூலங்கள்.
ஓதார் ஆற்றைப் பார்ப்பதுபோல
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
ஆலையின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன்.
வாளித் தண்ணீர் போகும் சாக்கடையும்
இங்கேதான் வந்து விழுகிறது;
அதையும் எழுதினேன்.
கீழே கையெழுத்து: தினாதின் லொமாட்ஸே.
பென்சில் உடைந்து, கடைசி எழுத்தை
நகத்தால் கீறி முடித்தேன்.

மாலையில் அப்பா பூட்ஸுக்குள் காலை விட்டார்,
வெளியே எடுத்தார்.
நனைந்த செய்தித்தாளை இழுத்து
விரித்துப் பார்த்து அடுப்பில் போட்டார்.
சட்டைப் பொத்தானைப் போட்டபடி
கதவருகே நின்று சொன்னார்:
"இதோடு ஆழத்துக்குப் போகாதே.
இடதில் ஓட்டை."